பொம்மையின் கால்

தேர்வன்று காலை தலைநகர் சோஃபியாவில் வந்து இறங்கியதும் ஸ்டோய்கா செய்த முதல் காரியம், மகள் நெவியானாவை அவள் அறை நாற்காலியில் உட்காரவைத்துத் தலைமுடியைப் பிரித்துப் போட்டதுதான். ரூசே நகரில் பெண்களுக்கான சலூன் நடத்துகிறவள் அவள். மேடை ஏறப்போகிற மகளின் தலை எப்படி இருக்க வேண்டும் என்று ரயிலிலேயே யோசித்து வைத்திருந்தாள். பக்கத்துக்கு ஒன்றாகப் பின்னி, மேலே தூக்கிச் சுற்றி, ஊசிகளைச் செருகி முடிப்பதற்குள் வாங்கி வைத்திருந்த பனீட்ஸா என்ற பாலாடைக்கட்டி அப்பம் ஆறிப்போனது.

 அந்தத் தலை கறுப்பு முகமூடிக்குள் போகப்போகிறது என்பதைச் சொல்ல நெவியானாவுக்குத் துணிவு வரவில்லை.

நாடகப் பல்கலைக்கழகத்தில் பொம்மலாட்டப் பிரிவில் இடம் கிடைத்தபோது அம்மாவும் மகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தார்கள். முதலாண்டு முடிவில் அம்மா வந்து பார்ப்பாள். இது இவளுக்கான படிப்புதான் என்று மனம் ஒப்பினால் தொடரலாம். இல்லாவிட்டால் இலையுதிர்காலத்தில் ரூசேவுக்குத் திரும்பிப் பொருளாதாரம் படிக்க வேண்டும். நெவியானா யோசிக்காமல் சம்மதித்தாள். ஒரு வருடத்துக்குள் விளக்கு வெளிச்சத்தில் முகம் காட்டி நின்றுவிடுவோம் என்று அப்போது நம்பினாள்.

அவளுக்குக் கொடுத்தது கால்.

ஒரு பொம்மைக்கு மூன்று பேர். ஒருவர் தலையும் வலது கையும், இன்னொருவர் இடுப்பும் இடது கையும், மூன்றாமவர் கால்கள். பேராசிரியர் ராட்கா வகுப்பில் யாரையும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. தலை, இடுப்பு, கால், அவ்வளவுதான். கலோயானுக்குத் தலை கிடைத்தது. பொக்தானாவுக்கு இடுப்பு. அன்று நெவியானா கழிப்பறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதாள். இதற்காகவா ஊரை விட்டு வந்தோம் என்று தோன்றியது.

பிறகு, வேறு வழியில்லாமல், கால்களைப் பார்க்கத் தொடங்கினாள். டிராம் நிறுத்தத்தில், சந்தையில், தேவாலயப் படிகளில். கோபமாக நடப்பவர்களின் குதிகால், பொய் சொல்லிவிட்டு நடப்பவர்களின் குதிகால். ஒருவர் கிளம்புவதென்று முடிவெடுக்கும் முன்பே அவருடைய பாதம் எடையை மாற்றிவிடுகிறது என்று அவளுக்குப் பட்டது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருக்கிறது என்ற நினைப்பு அந்தக் குளிர்காலம் முழுதும் அவளைத் தாங்கியது. ஆனாலும் அம்மாவின் தொலைபேசி வரும்போதெல்லாம் அது சுருங்கிப்போய்விடும்.

"நீ எந்தப் பக்கம் நிப்பே? சொன்னா நான் அந்தப் பக்கமா பாத்து உக்காருவேன்" என்று கேட்டாள் ஸ்டோய்கா, பனீட்ஸாவைப் பிய்த்தபடி.

"நடுவுலதாம்மா."

"நடுவுலயா?" அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க நெவியானாவுக்குச் சங்கடமாக இருந்தது.

அவர்கள் செய்யவிருந்தது பேச்சில்லாத சிறு காட்சி. ஓர் இளைஞன் பூங்கொத்தோடு ஒரு பெண்ணின் வீட்டுக் கதவுவரை வருகிறான். தைரியம் வராமல் திரும்புகிறான். மறுபடி வருகிறான், மறுபடி திரும்புகிறான். மூன்றாம் முறை பாதி வழியில் திரும்பி நின்று, மூச்சை இழுத்துவிட்டு, வந்து கதவைத் தட்டுகிறான்.

மேடைக்குள் நுழையும் பக்கக் கதவருகே மூவரும் கறுப்பு உடையில் நின்றபோது, எங்கிருந்தோ ஸ்டோய்கா வந்து சேர்ந்தாள். கையில் சின்னச் செம்புக் குவளை. அதை ஊரிலிருந்தே பையில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். மகள் போகிற வாசலில் தண்ணீரைத் தாராளமாக வீசி ஊற்றினாள்.

"தண்ணி ஓடற மாதிரி எல்லாம் தடையில்லாம ஓடட்டும். மிதிச்சுக்கிட்டுப் போடி."

"எங்களுக்கும் சேத்துத்தானே ஆன்ட்டி?" என்றான் கலோயான்.

"உனக்கு உங்கம்மா ஊத்துவா. சரி போ, நீயும் மிதி."

கலோயானுக்கும் பொக்தானாவுக்கும் காலில் மெல்லிய ரப்பர் செருப்பு இருந்தது. கால் பிடிப்பவருக்கு மட்டும் செருப்பு கிடையாது, சத்தம் வரக்கூடாது என்பதற்காக வெறும் காலுறை. சிரித்துக்கொண்டே தண்ணீரை மிதித்துத் தாண்டியபோதுதான் ஈரம் காலுறையைத் தாண்டி உள்ளங்காலில் பட்டதை நெவியானா உணர்ந்தாள். மாற்ற நேரமில்லை. உள்ளே விளக்கு அணைந்துவிட்டது. அம்மாவுக்கு முதுகைக் காட்டி நின்று முகமூடியை மாட்டிக்கொண்டாள். ஊசிகள் மண்டையில் குத்தின.

முதல் இரண்டு நடையும் ஒழுங்காகப் போயின. மூன்றாம் முறை, பாதி வழியில், தலை திரும்பியது. அதோடு கால்களும் திரும்ப வேண்டும். எடையை மாற்றும்போது அவளுடைய ஈரக் காலுறை வழுக்கியது. முழங்கால் தரையில் மோத, பொம்மையின் வலது கால் கதவை நோக்கி நீண்டுபோய் நின்றது. தலையோ திரும்பிப்போகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தலையைப் பிடிப்பவரின் மூச்சுதான் மற்ற இருவருக்கும் கட்டளை. கால் தவறினால் சத்தமில்லாமல் தலையோடு போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும். வருடம் முழுக்க அவர்கள் படித்தது அதைத்தான். அவளால் காலைப் பின்னால் இழுத்திருக்க முடியும், யாரும் பெரிதாகக் கவனித்திருக்கவும் மாட்டார்கள்.

ஆனால் நீண்டு நின்ற அந்தக் காலை அவள் பார்த்தாள். அது போக விரும்பிய கால். டிராம் நிறுத்தத்தில் அவள் எத்தனையோ முறை பார்த்தது. அதன் பக்கத்தில் இடது காலைக் கொண்டுபோய் வைத்தாள். பிறகு கதவை நோக்கி இன்னொரு அடி.

அரங்கில் யாரோ சிரித்தார்கள். மேலே கலோயானின் மூச்சு நின்றுவிட்டது. அவனுடைய முழங்கால் அவள் தோளை அழுத்தியது. கோபமா, கேள்வியா? அவள் பின்வாங்கவில்லை. இன்னும் ஓர் அடி வைத்தாள்.

அப்போது அவனுடைய மூச்சு மெல்லக் கீழே இறங்கியது. பொம்மை தலையைக் குனிந்து தன் கால்களையே பார்த்தது. ஒத்திகையில் இல்லாத பார்வை. பொக்தானா பூங்கொத்தைத் தூக்கி அதன் முகத்தை மறைத்தாள். உடம்பு பின்னுக்குச் சாய, கால்கள் அந்த இளைஞனைக் கதவுவரை கூட்டிக்கொண்டு போய் நிறுத்தின. சிரிப்பு அடங்கியது. கை உயர்ந்து கதவைத் தட்டியது.

இதில் எதையுமே நெவியானா பார்க்கவில்லை. அவள் பார்த்ததெல்லாம் பொம்மையின் இரண்டு மரக் காலணிகளும் கதவின் அடிப்பாகமும்தான். குனிந்த முதுகோடு, வியர்வையில், இதுவரை தன் வாழ்வில் இவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை என்று நினைத்தாள்.

முகமூடிகளைக் கழற்றினார்கள். பின்வரிசையில் உறவினர்கள் கைதட்டினார்கள், தேர்வுக் குழு தட்டவில்லை. பேராசிரியர் ராட்கா கண்ணாடியை இறக்கிக்கொண்டு, மூன்றாவது நடையை மாற்றியது யார் என்று கேட்டார். எல்லோரும் தலையைத்தான் பார்த்தார்கள். கலோயான் பேசாமல் இருந்திருந்தால் அது அவனுடையதாகவே ஆகியிருக்கும்.

"கால்" என்றான் அவன்.

"வழுக்கிச்சா?"

நெவியானா முன்னால் வந்தாள். "மொத அடி வழுக்கினது. ரெண்டாவது அடி நான் வெச்சது."

பேராசிரியர் கண்ணாடியை மறுபடி ஏற்றிக்கொண்டார். பிறகு, "சரி, நெவியானா" என்று சொல்லிவிட்டு அடுத்த குழுவைக் கூப்பிட்டார்.

நடைக்கூடத்தில் ஸ்டோய்கா கைப்பையை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள், ஈரக் காலுறையைப் பார்த்தாள்.

"வருஷம் பூரா காலா?"

"ஆமாம்மா. கால்தான்."

சாக்கு எதுவும் சொல்ல வேண்டும்போல் தோன்றாததை நெவியானாவே வியப்போடு கவனித்தாள்.

"கேட்டா அடுத்ததுக்குத் தலை குடுக்க மாட்டாங்களா?"

"குடுப்பாங்களோ என்னவோ. நான் கேக்கல."

ஸ்டோய்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பேசியபோது அவள் குரலில் மனத்தாங்கல் இருந்தது. "உன்னப் பாக்கத்தான் அவ்வளவு தூரத்துலருந்து வந்தேன். மூணு கறுப்புல எது நீன்னு தேடிக்கிட்டே இருந்தேன். அந்தப் பையன் ரெண்டாவது தடவ திரும்பிப் போனான் பாரு, அப்புறம் உன்னத் தேடவே மறந்துட்டேன். பெத்தவ நான், மறந்துட்டேன். அவன் கதவத் தட்டித் தொலைக்க மாட்டானான்னு ஆயிப்போச்சு."

அதற்குள் அவளுடைய தொலைபேசி ஒலித்தது. ஊரில் காத்துக்கொண்டிருந்த அக்கா பென்கா. ஸ்டோய்கா சற்றுத் தள்ளிப் போய்ப் பேசினாள். ஆனால் சலூனில் முடி உலர்த்தும் இயந்திரத்தின் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரல் அது. கூடம் முழுக்கக் கேட்டது.

"இல்லக்கா, கதாநாயகி எல்லாம் இல்ல. கால். ஆமா, காலுதான். நீ சிரிக்காத. அந்தக் கால் இல்லேன்னா அவன் இன்னும் நடுத்தெருவுலதான் நின்னுக்கிட்டிருப்பான். உனக்கு இதெல்லாம் போன்ல சொன்னாப் புரியாது. அடுத்த வருஷம் நான் வர்றப்ப நீயும் கூட வா."