பாலும் பழமும் விரதத்தை முறிக்காது

தவராசா மாஸ்ரர் பரந்தன் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் முப்பத்திரண்டு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் படிப்பிப்பதை விடவில்லை. வகுப்புப் பிள்ளைகள் இல்லாத குறைக்குச் சாப்பாட்டு மேசையில் மனைவியைப் பிடித்துக்கொண்டார். சோற்றில் கைவைத்தால் போதும், அந்தச் சோறு எங்கெங்கே போகும் என்று தொடங்கிவிடுவார். வாயிலே மாப்பொருள் உடைகிறது, உணவுக்குழாயான களத்தால் இறங்குகிறது, இரைப்பையில் நாலு மணித்தியாலம் கிடந்து கூழாகிறது, சிறுகுடலில் சத்து உறிஞ்சப்படுகிறது, பெருங்குடலில் தண்ணீர், மிச்சம் வெளியே. இவர் கூடப்போய் வழி காட்டாவிட்டால் சோறு வழிதவறி முழங்காலுக்குப் போய்விடும் என்ற நினைப்பு மனிசனுக்கு.

கறியில் உப்புக் குறைந்தால் மட்டும் பாடம் பாதியில் நிற்கும்.

விமலேஸ்வரி எதிரே நின்று பரிமாறுவாள், கேட்பதுபோலத் தலையாட்டுவாள். ஐந்து மாதமாக அவளுக்கு நெஞ்சுக்குக் கீழே எரிந்துகொண்டிருந்தது. வாய்வு என்றார் மாஸ்ரர். பிறகு மலம் தார்போலக் கறுப்பாகப் போனது. அதையும் வெட்கத்தை விட்டுச் சொன்னாள்.

"முருங்கையிலை வறை திண்டால் அப்பிடித்தான் போகும். உமக்கு இதெல்லாம் விளங்காது."

வறை முழுவதையும் தின்றவர் அவர். அவளுக்குச் சட்டிதான் மிஞ்சியது.

எரிவு தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டொக்டர் அவளைக் கேட்ட கேள்விக்கெல்லாம் மாஸ்ரரே பதில் சொன்னார். எரிவைச் சொன்னார், கறுப்பைச் சொல்லவில்லை. அதற்குத்தான் அவர் விளக்கம் கண்டுபிடித்துவிட்டாரே! குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்க இரண்டு மாதம் தள்ளித் திகதி கிடைத்தது. முதல்நாள் இரவு பத்து மணிக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது என்றாள் தாதி.

அந்தத் திகதியும் வந்தது. கலியாணம் முடித்த நாளிலிருந்து குசினியை எட்டிப் பார்க்காத மனிசன், அன்று விடிய ஒரு கோப்பை பாலும் இரண்டு கதலிப்பழமும் கொண்டுவந்து நீட்டினார்.

"ஒண்டும் குடிக்கக் கூடாதெண்டு மிஸ்ஸி சொன்னவாவெல்லே?"

"கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் நான் பால் பழத்தோட இருக்கிறனான். விரதம் முறிஞ்சதே? பாலும் பழமும் சாப்பாட்டுக்குள்ள சேராது. வழியில மயங்கி விழுந்தா ஆர் தூக்கிறது? குடியும்."

பால் இரைப்பைக்குள் போனதும் திரையும் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதியவர் சொன்ன சொல் இது. அவள் குடித்தாள். அந்த வெட்கம் அவளுக்கு இன்றைக்கும் உண்டு.

"ஏதும் சாப்பிட்டனீங்களோ, அம்மா?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். "இல்லை, வெறும் வயிறு" என்று மாஸ்ரர் முந்திக்கொண்டார். குழாய் உள்ளே போனது. உள்ளே போன வேகத்திலேயே வெளியே வந்தது. டொக்டர் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"வயிறு முழுக்கத் திரைஞ்ச பால்! இது மேல வந்து சுவாசப்பைக்குள்ள போயிருந்தா ஆள் தப்பாது. ஆர் குடுத்தது?"

மாஸ்ரர் திறந்த கதவால் உள்ளே கட்டிலில் கிடந்த மனைவியைப் பார்த்தார். "இவவுக்கு எவ்வளவு சொன்னாலும் விளங்காது, டொக்டர்" என்றார்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்தச் சுரைக்காய் ஆளையே கொன்றுபோட்டு, பழியையும் பிணத்தின் தலையில் போட்டிருக்கும். முப்பது வருடமாக இதற்கா பயந்தேன் என்று விமலேஸ்வரிக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

அடுத்த திகதி ஆறு கிழமைக்குப் பிறகு. மாஸ்ரர் ஓய்வூதியர் சங்கக் கூட்டத்துக்குப் போன நாளில், அவள் பரந்தன் சந்தியில் தனியே பஸ் ஏறினாள். டொக்டருக்கு முன்னால் தன் வாயாலேயே கறுப்பைச் சொன்னாள். அவர் பேனையைக் கீழே வைத்தார்.

"எத்தினை மாசமாய்?"

"மூண்டு."

"நாளைக்கு விடிய வாங்கோ. தண்ணியும் குடிக்கக் கூடாது."

மாஸ்ரர் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் புறப்பட்டுவிட்டாள். முன்சிறுகுடலில் புண், இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. உள்ளேயே மருந்து ஊசி போட்டு இரத்தத்தை நிறுத்தி, இரண்டு நாள் வாட்டில் வைத்திருந்தார்கள். ஆறு கிழமை விட்டிருந்தால் ஓட்டை விழுந்திருக்கும் என்றார் டொக்டர். இனிமேல் நேரத்துக்குச் சாப்பிடவேண்டும், ஒருவருக்காகவும் காத்திருக்கக் கூடாது என்றும் சொன்னார்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் வீட்டுக்கு வந்தபோது மாஸ்ரர் வெறும் மேசைக்கு முன்னால் இருந்தார். ஆஸ்பத்திரியில் நிற்கிறேன் என்று அவள் ஃபோனில் சொன்னதிலிருந்து அவர் ஒருதரம்கூட வந்து பார்க்கவில்லை. புண் என்றதும் முகம் மலர்ந்தது. கலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் குடலைக் கீறத் தொடங்கினார்.

"எந்த இடத்தில? இரைப்பையிலயோ, முன்சிறுகுடலிலயோ?"

விமலேஸ்வரி குசினிக்குப் போனாள். சோறு வடித்து, பருப்பு வைத்து, ஒரு கோப்பையில் போட்டுக்கொண்டு வந்து அவருக்கு எதிரே கதிரையில் இருந்து சாப்பிட்டாள். மாஸ்ரர் பேனையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சேரும், எனக்கு?"

அவள் வாயிலிருந்ததை ஆறுதலாக மென்று விழுங்கினாள்.

"குசினியில பாலும் பழமும் கிடக்கு. நீங்கள்தான் ஆறு நாள் தாங்குவீங்களே."