பதினான்காவது செவ்வாய்

முத்தாலம்மாளின் வலது கை தோளுக்கு மேல் ஏறாமல் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. கோவளத்தில் மீன் விற்கும் பெண்ணுக்குக் கை ஏறவில்லை என்றால் தொழில் இல்லை. நிறைந்த கூடையைத் தன் தலைக்குத் தானே ஏற்றிக்கொள்ள யாராலும் முடியாது. பக்கத்தில் நிற்பவள் ஒரு கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். இன்று நான் உனக்கு, நாளை நீ எனக்கு. கேட்டால் ஒருத்தியும் மறுக்க மாட்டாள்.

அதனாலேயே முத்தாலம்மாள் கேட்பதை நிறுத்திவிட்டாள். திருப்பித் தூக்கிவிட முடியாதவள் எந்த முகத்தோடு கேட்பது? இருபது வருடம் கேளம்பாக்கம் தெருக்களில் கூவி விற்றவள், இப்போது கரையில் உட்கார்ந்து பிறருடைய மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள்.

தாம்பரத்தில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனை, ஒரு சனிக்கிழமை கோவளத்தில் சேவை முகாம் போட்டது. ஊழியர்கள் எல்லோரும் நீல டி-ஷர்ட்டில் வந்தார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம். பிசியோதெரபிஸ்ட் ஸஹானாவின் முன்னால் முத்தாலம்மாள் வந்து உட்கார்ந்தாள்.

“கையை மேல தூக்குங்கக்கா.”

“தூக்க முடிஞ்சா உன்னாண்ட இன்னாத்துக்கு வர்றேன்?”

வரிசை சிரித்தது. ஸஹானாவும் சிரித்தாள். தோளைத் தொட்டுப் பார்த்து, இறுகிப்போன மூட்டு என்று தெரிந்துகொண்டு, படம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்தாள். சுவரைப் பார்த்து நின்று, விரல்களைப் பல்லி போல மெல்ல மேலே நகர்த்த வேண்டும். மூன்று வேளை, வேளைக்குப் பத்துத் தடவை.

“அப்பால?”

“அப்புறம் திரும்பப் பார்க்கணும்.”

“யாரு, நீயா?” முத்தாலம்மாள் பேனரைக் காட்டினாள். “போன வருசம் கண்ணு டாக்டரு வந்தாரு. அதுக்கு மின்னாடி பல்லு டாக்டரு. அல்லாரும் போட்டோ புட்ச்சிக்கினு போனாங்கோ. இன்னா ஆச்சுன்னு கேக்க ஒருத்தரும் வரல.”

“நான் டாக்டர் இல்லக்கா. ஆனா வருவேன்.”

“எப்போ?”

“செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. அன்னிக்கு.”

திரும்பும் வழியில், முகாம்களை நடத்தும் ஷ்யாம்சுந்தர் வேனின் முன்சீட்டிலிருந்து திரும்பினார். “எதுக்கு ப்ராமிஸ் பண்றீங்க, ஸஹானா? வருஷத்துக்கு நாற்பது ஊர். ஒரே ஊருக்கு ரெண்டு தடவை போனா மத்த ஊருக்கு யார் போறது?”

அவர் கெட்டவர் அல்ல. முகாம் முடிந்த சனிக்கிழமைகளில் திருநீர்மலைப் பெருமாள் கோயில் படி ஏறாமல் வீட்டுக்குப் போக மாட்டார்.

“திருநீர்மலையில ஒரு நாள் மட்டும் பெருமாளுக்குத் தளிகை படைச்சுட்டு, மறுநாள் வேற கோயில்னு போயிடுவாங்களா சார்?”

“பெருமாளையும் கோவளத்தையும் ஒண்ணாச் சேர்க்கறீங்களே!”

“பிரிச்சது யார் சார்?”

ஷ்யாம்சுந்தர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை இரும்புலியூரில் பஸ் ஏறி, கோவளத்தில் இறங்கி, முத்தாலம்மாளின் வீட்டைக் கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தாள் ஸஹானா. முத்தாலம்மாள் வலது கையைக் குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தாள். தோள் சூடாக இருந்தது.

“வந்துட்டியா? பேப்பரக் குட்த்தே கொன்னுட்டியேம்மா என் கைய.”

“எத்தனை தடவை பண்ணீங்க?”

“நூத்தியெட்டு.”

“பத்துதானே சொன்னேன்!”

“ஆத்தாவுக்கு வேண்டிக்கினு செஞ்சேன். கோயில நூத்தியெட்டு சுத்துறதுதான் வழக்கம். பத்து சுத்திட்டு வூட்டுக்குப் போனா அவ ஒத்துக்குவாளா?”

ஸஹானா தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது வருடத்தில், சொன்னதைவிட அதிகமாகச் செய்த நோயாளியை அவள் பார்த்ததே இல்லை. தாளில் தவறில்லை. நூற்றெட்டு எண்ணியவளின் பக்தியிலும் தவறில்லை. திரும்பி வந்து கேட்க ஆள் இல்லாமல் போயிருந்தால், அந்தக் கை அப்படியே வீணாகியிருக்கும். நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டு எல்லோரும் தாம்பரத்தில் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

“அக்கா, ஆத்தாகிட்ட நான் பேசிக்கறேன். இனிமே பத்துதான். பதினொண்ணு பண்ணா நான் வரமாட்டேன்.”

“மெரட்டுறியா?”

“ஆமா.”

முத்தாலம்மாள் முதல் தடவையாக அவளை உற்றுப் பார்த்தாள். “சரி. பத்து.”

முதல் இரண்டு வாரம் ஓய்வும் ஒத்தடமும்தான். பிறகு வீட்டு உத்தரத்தில் ஒரு பழைய கப்பியைக் கட்டி, வலைக்கயிறு போட்டு, நல்ல கை இழுக்க இழுக்க நோவுள்ள கை மெல்ல ஏறும்படி ஸஹானா செய்துகொடுத்தாள். பக்கத்து வீட்டுக் கிளியம்மாள் வலிக்கும் முட்டியைத் தேய்த்துக்கொண்டே வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பாள்.

“மீன் துண்ணாத பொண்ணு மீன்காரிக்கு வைத்தியம் பாக்குது. இன்னா கூத்துடி இது!”

“நீங்க டீ போட்டுக் குடுங்க, உங்களுக்கும் பார்க்கறேன்,” என்பாள் ஸஹானா.

ஆறாவது வாரம் ஷ்யாம்சுந்தர் அவளை அறைக்கு அழைத்தார். “நீங்க மூணு சனிக்கிழமை கேம்ப்புக்கு வரலை. வாலன்டியர் ரிப்போர்ட்ல உங்க பேருக்கு நேரா சைபர்தான் இருக்கு.”

“அதுக்குப் பதிலாத்தான் செவ்வாய்க்கிழமை கோவளம் போறேனே சார்?”

“அதுல நம்ம பேனர் இல்லை, போட்டோ இல்லை. அதை எப்படிப் போடறது? சீனியர் போஸ்டுக்கு இந்த ரிப்போர்ட்டைத்தான் பார்ப்பாங்க. யோசிச்சுக்கோங்க.”

ஸஹானா மேஜைக்குக் கீழே விரல்களைக் கோத்துக்கொண்டாள்.

“சைபரே போடுங்க சார். ஒன்பது வருஷம் கத்துக்கிட்டது அஞ்சு நிமிஷத்துல தாள் நீட்டறதுக்கு இல்லை. என் கை நாற்பது ஊருக்கு எட்டாது. ஒரு தோளுக்கு எட்டும்.”

பதவி வேறொருவருக்குப் போயிற்று. அந்தச் சனிக்கிழமை அவள் திருநீர்மலை ஏறி ரங்கநாதர் முன் நின்றபோது அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. முத்தாலம்மாளின் கை காது மட்டத்திலேயே மூன்று வாரமாக நிற்கிறது, இன்னும் ஒரு சாண் ஏற வேண்டும் என்று கேட்டாள். கேட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் போய் அதற்கான வேலையைச் செய்தாள்.

பதினான்காவது செவ்வாய். காலை ஏலம் முடிந்து, கரையில் கூடைகள் நிறைந்திருந்தன. ஸஹானா மணலில் நடந்து வரும்போது கிளியம்மாள் கூடைக்கு முன் குனிந்து, சும்மாட்டைத் தலையில் வைத்தபடி குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். “யார்னா ஒரு கை குடுங்கடி!”

செதில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முத்தாலம்மாள் எழுந்தாள்.

“நீயா? வேணாம்க்கா,” என்றாள் கிளியம்மாள்.

“குனிடி.”

இரண்டு கைகளும் கூடையின் விளிம்பைப் பற்றின. இடுப்பு, மார்பு, தோள். தோளில் ஒரு நொடி நின்றது. பிறகு முத்தாலம்மாள் பல்லைக் கடித்தாள். கூடை கிளியம்மாளின் தலைக்குப் போய் உட்கார்ந்தது. கிளியம்மாள் விறுவிறுவென்று நடந்தாள். அவள் கண் கலங்கியதை மறைக்கத்தான் அவ்வளவு வேகம்.

முத்தாலம்மாள் ஒரு படகின் மறைவுக்குப் போய்த் துணியால் மூடிய கூடை ஒன்றை இழுத்து வந்தாள். பாதிக்கு மேல் சங்கரா மீன். விடியற்காலையிலேயே ஏலத்தில் எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாள். கிளியம்மாளின் கூடையைத் தூக்கிப் பார்க்கும் வரை யாரிடமும் சொல்லவில்லை. சுற்றிலும் பார்த்தாள். அதற்குள் மற்றப் பெண்கள் எல்லோரும் பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தார்கள்.

ஒரு வருடமாக அவள் வாயிலிருந்து வராத சொல் அது. ஸஹானாவின் பக்கம் திரும்பினாள்.

“ஒரு கை குடும்மா.”

பிறந்ததிலிருந்து மீனைத் தொட்டறியாத ஸஹானா பையைக் கீழே போட்டாள். கூடையின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கினாள். மீன் தண்ணீர் அவள் முழங்கை வழியாக இறங்கிச் சுடிதாரை நனைத்தது. கூடை ஏறியதும் முத்தாலம்மாள் கழுத்தை நிமிர்த்தி நின்றாள்.

“கனமா கீதா?” என்று ஸஹானா அவள் பேச்சிலேயே கேட்டாள்.

“கனமாத்தான் கீது. நல்லா கீது.” இரண்டடி நடந்து, நின்று, தலையைத் திருப்பாமலே சொன்னாள்: “வர்ற செவ்வா கிளி முட்டியப் பாரு. அவ நூத்தியெட்டு செய்யாம நான் பாத்துக்கிறேன்.”

“சரிக்கா.”

முத்தாலம்மாள் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தலையில் கூடை இருக்கும்போது திரும்ப முடியாது.