கோழிக்குஞ்சின் மூளை கீறிய படம்

‘உயிர் வரைகிறது’ என்று கண்காட்சிப் பலகையில் எழுதி முடித்து ஏணியால் இறங்கும்போதே சுபாங்கனுக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது. வரைவது யார்? கோழிக்குஞ்சின் மூளை! உரும்பிராயில் வாங்கிய அடைமுட்டைகளிலிருந்து நரம்புக்கலங்களைப் பிரித்தெடுத்து, சின்னக் கண்ணாடித் தட்டில் உயிரோடு வளர்த்து, அவை விடுகிற மின்துடிப்பை இரும்புக் கை ஒன்றுக்குக் கொடுத்திருந்தான் ஜெயசுதன். கமராவுக்கு முன்னால் ஆள் வந்து நின்றால் கலங்கள் துடிக்கும், கை அசையும், அதில் செருகிய பேனை தாளில் கீறும். கீறுவது என்ன, கிறுக்குவது. அந்தக் கிறுக்கலுக்கு வெளிநாட்டில் ஏதோ பரிசு. இப்போது நல்லூரில் மூன்று நாள் கண்காட்சி, பத்திரிகையில் படம். இருபது வருடத்துக்கு மேலாகக் கடைப்பலகையும் கோயில் சுவரும் எழுதுகிற சுபாங்கனின் கையை எவன் படம் பிடித்தான்?

இத்தனைக்கும் இந்த ஜெயசுதனுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு தவளை கீறத் தெரியாது. ஏ.எல். படிக்கும்போது அவனுடைய உயிரியல் கொப்பி முழுக்கச் சுபாங்கன் கீறிக்கொடுத்ததுதான். புள்ளி அவனுக்கு, கம்பஸ் படிப்பு அவனுக்கு, நோர்வேப் பயணமும் அவனுக்கு. சுபாங்கனுக்கு ஏணி. பழைய சிநேகிதன் என்று பலகை வேலையைத் தந்தானே, அதற்கு நன்றி சொல்லவேண்டும் என்று தெரியும். சொல்லவும் சொன்னான். சொன்ன வாய் கசந்தது.

திறப்பு நாள் காலை எட்டு மணிக்கு ஜெயசுதன் போன் எடுத்து உடனே வரச் சொன்னான். போய்ப் பார்த்தால் ஆள் தலையில் கைவைத்துக்கொண்டு நிலத்தில் இருக்கிறான். முதல்நாள் பின்னேரம் மண்டபக் காவலாளி, எங்கேயாவது நெருப்புப் பிடித்துவிடும் என்ற நல்ல எண்ணத்தில், மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறார். கலங்களைச் சூடாக வைத்திருந்த பெட்டி குளிர்ந்துபோயிருந்தது.

“எல்லாம் செத்துப்போச்சு மச்சான். புதுசா வளர்க்க மூண்டு கிழமை வேணும். பத்து மணிக்குச் சனம் வந்திடும்.”

சும்மா சொல்லக்கூடாது, சுபாங்கனுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம் வந்தது. முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு, “அதுக்கு நான் என்னடாப்பா செய்ய?” என்றான்.

“திரைக்குப் பின்னாலை இருந்து இந்தப் பிடியை ஆட்டு, கை அசையும். முன்னாலை ஆர் நிக்கினம், தாளிலை என்ன விழுது எண்டு ஸ்கிரீனிலை தெரியும். ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது, உன்ரை மனிசிக்கும்தான். இன்னொண்டு, வடிவாக் கீறிப்போடாதை. கிறுக்கு.”

சீ, போடா என்று வந்திருக்கலாம். ஆனால் தன் கையைப் பற்றிச் சனம் என்ன கதைக்கிறது என்று ஒருதரமாவது ஒளித்திருந்து கேட்க ஆசைப்பட்டான். அந்த ஆசைதான் அவனைத் திரைக்குப் பின்னால் இருத்தியது.

கிறுக்கினான். கண்ணை மூடிக்கொண்டும் கிறுக்கினான். வெளியே ஒரே ஆரவாரம். “என்ன சுதந்திரமான கோடு, பாத்தியளே!” என்றார் ஒரு ஆசிரியை. அவர் வீட்டு மதிலில் போன வருடம் மயில் எழுதிக் கொடுத்தவன் இவன்தான். தோகை கொஞ்சம் குறைவு என்று முறைப்பாடு சொன்னவர் அவர். செத்த கோழிக்குஞ்சோடு போட்டி போடுகிற நிலைமைக்கு வந்துவிட்டேனே என்று சுபாங்கன் பல்லைக் கடித்தான்.

மூன்று மணிபோல ஸ்கிரீனில் பத்மாசினி வந்தாள். அவன் வேறெங்கோ சுவர் எழுதுகிறான் என்று நினைத்திருந்த அவனுடைய மனைவி, தையல்கடையால் நேரே வந்திருந்தாள். கழுத்தில் கிடந்த அளவுநாடாவைக் கழற்றவும் மறந்திருந்தாள். கலியாணம் கட்டிப் பதினேழு வருடம். இவளை இப்படி, யாருமே தன்னைப் பார்க்கவில்லை என்ற முகத்தோடு, அவன் பார்த்ததே இல்லை. பிடியிலிருந்த கை தன்பாட்டில் மெதுவாகியது. கிறுக்கு என்றது மூளை, கை கேட்கவில்லை. நெற்றி, களைத்த கண், காதோரம் நரைத்த இரண்டு மயிர், அளவுநாடா. தாளில் பத்மாசினி வந்தாள். மண்டபம் அமைதியாகிவிட்டது. ஜெயசுதன் ஓடிவந்து திரைக்குள் தலையை நீட்டி, “எடேய், என்னடா செய்யிறாய்?” என்று பதறினான். வெளியே அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கண்டதும் அவனுக்கு நெஞ்சு நிறைந்தது. அடுத்த கணம், அது தனக்கான சிரிப்பில்லை என்று உறைத்தது.

பொழுதுபட வீட்டில் பிட்டைக் கோப்பையில் போட்டபடி அவளே கதையைத் தொடங்கினாள். படத்தைச் சுருட்டிக் கொண்டுவந்து அலுமாரிக்குள் வைத்திருந்தாள்.

“இஞ்சருங்கோ, அது என்னை அப்பிடியே கண்டிட்டுது.”

“எது?”

“அந்தக் கை. கோழிக்குஞ்சின்ரை மூளையாம். நம்பமாட்டியள்.”

சுபாங்கன் பிட்டைப் பிசைந்தான். “நான் உம்மைக் கீறியிருந்தா?”

“நீங்களோ?” அவள் சிரித்தாள். “நீங்கள் என்னை லட்சுமியாக்கி நகையெல்லாம் போட்டுவிட்டிருப்பியள். இது களைப்பைக்கூட விடேல்லை.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “ஒரு ஆம்பிளை அப்பிடிப் பாத்திருந்தா நான் நிண்டிருக்கமாட்டன், கூசியிருக்கும். அதுக்கு ஒண்டும் தெரியாதுதானே.”

நான்தானடி அது என்கிற சொல் தொண்டைவரை வந்தது. சொன்னால் ஜெயசுதனின் மானம் போகும், போகட்டும், அவனுக்கென்ன! ஆனால் அலுமாரிக்குள் இருக்கிற அந்தப் படமும் போய்விடும். அவள் அதை வெளியே எடுத்துப் பார்க்கவே வெட்கப்படுவாள். தன் கையின் மேலேயே ஒரு மனிதனுக்குப் பொறாமை வருமா? வந்தது.

மறுநாளும் அவன் திரைக்குப் பின்னால் போய் இருந்தான்; பத்து மணிக்குக் கதவு திறந்ததும் முதல் ஆளாக அவள்தான் வந்தாள். அவன் எத்தனையோ தரம் கேட்டும் கட்டாத மயில்கழுத்து நீலச் சேலை. தலையில் பூ. கமராவுக்கு முன்னால் போய் நின்று, முந்தானையைச் சரிசெய்து, நாடியைக் கொஞ்சம் உயர்த்தினாள். பக்கத்தில் ஒருவரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு குனிந்து, இரும்புக் கையோடு மெல்லக் கதைத்தாள்.

“அசையாமல் நிக்கிறன். நேற்றைப்போலை கீறு, ராசா.”

ராசா! பதினேழு வருடத்தில் அந்தச் சொல் ஒருநாளும் அவன் பக்கம் வந்ததில்லை. சரியாகக் கீறினால் அவள் அதற்கு இன்னும் கிட்டப் போவாள். கிறுக்கினால் அந்த முகம் விழுந்துபோகும். திரைக்கு அந்தப் பக்கம் பேனை தாளைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. வாசலில் ஆட்கள் கூடத் தொடங்கினார்கள். பத்மாசினி உயர்த்திய நாடியை இறக்கவில்லை.