காற்றுப் படாத படிகம்

தேனி ஏலக்காய் வியாபாரிகள் எந்தச் சாம்பிளையும் திறந்து மோந்து பார்த்த பிறகுதான் பேசுவார்கள். வைகுண்டராஜும் அப்படித்தான்.

கோட்டயத்தில் ஆராய்ச்சி செய்யும் அவர் மகள் ஷீபா, குமுளி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் கடைக்கு வந்தாள். ராத்திரி ரயிலில் சென்னை போக வேண்டும். மறுநாள் அங்கே எக்ஸ்ரே கருவியில் அவளுக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள்.

பையிலிருந்து சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்தாள். மலை வளைவுகளில் குலுங்கியும் ஒன்றும் ஆகவில்லை. உள்ளே ஆரஞ்சு நிறப் படிகங்கள். இரும்பும் போரானும் நேரடியாகப் பிணைந்த சேர்மம் என்பது அவள் நம்பிக்கை. அதைக் கருவி காட்ட வேண்டும். காட்டினால் ஆய்வேடு முடியும்.

குப்பியை மேசையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

திரும்பி வந்தபோது குப்பி அப்பாவின் மூக்கருகே இருந்தது. மூடியில் சுற்றியிருந்த டேப் மேசையில் சுருண்டு கிடந்தது.

"வாசனையே இல்லையேம்மா."

அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள். "கண்ணு எரியுதாப்பா? விரல்ல பட்டுச்சா?"

"இல்லையே. ஏன்?"

மூடியைத் திருகி இறுக்கினாள். படிகங்கள் பழுப்பாகிக்கொண்டிருந்தன.

"ஆர்கான் வாயு அடைச்சுக் கொண்டாந்தேன். காத்துப் பட்டா போரான் இரும்பை விட்டுட்டு ஆக்சிஜன்கிட்டப் போயிரும்."

"திரும்ப வராதா?"

"வராது."

வைகுண்டராஜ் போனை எடுத்தார்.

"உங்க சார் நம்பரக் குடு."

"என்ன சொல்லப் போறீக?"

"மோந்து பாத்தேன்னுதான்."

அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவர் எழுந்து நின்று பேசினார். "தப்பு என்னுதுதான் சார். பிள்ளையக் கோவிச்சுக்கிடாதீக." பிறகு சரி சார், சரி சார் என்றார்.

"என்ன சொன்னாக?"

"திரும்பச் செய்யச் சொன்னாக. நாளைக்கு உன் நேரத்துல உங்கூட ஆராய்ச்சி பண்ற ஜோயல் அவன் சாம்பிளை வச்சுப் பாப்பானாம். உனக்கு அடுத்தாப்புல எப்பக் கிடைக்கும்னு கேட்டுத்தான் சொல்லணுமாம்." நிறுத்தினார். "வாசனை எப்படி இருந்துச்சுன்னும் கேட்டாக."

மத்தியான பஸ்ஸில் அவள் குமுளி வழியாகக் கோட்டயத்துக்கே திரும்பினாள்.

மழைக்காலம் முடிந்த பிறகு மறுபடி வந்தாள். மேசையில் குப்பியை வைத்தாள். ஆரஞ்சு நிறம்.

வைகுண்டராஜ் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நின்றார்.

"உள்ள வாங்கப்பா. வெயிலடிக்குது."

"நீ போயி முகங் கழுவிட்டு வா. நான் இங்கனயே நிக்கேன்."