சந்தில் கேட்ட குரல்

தையல்காரிக்கும் மேல்வீட்டு அக்காவுக்கும் எப்போதும் எலியும் பூனையும்தான். மேலே உலர்த்திய துணி சொட்டினால், கீழே இவள் தைத்து மாட்டிய கவுன் நனையும். எல்லா வீட்டுச் சமையலறை ஜன்னல்களும் குடியிருப்பின் நடுவே இருந்த ஒரு குறுகிய இருட்டுச் சந்தின் பக்கம் பார்த்திருந்தன. ஜன்னலைத் திறந்தால் சண்டை.

ஒரு மதியம் அந்தச் சந்தில் ஒரு பெண்குரல் பாடியது. வார்த்தை இல்லை, மெட்டு மட்டும். பதிலுக்குக் காத்திருப்பதுபோலப் பாதியில் நின்றது. தையல்காரி தன்னையறியாமல் மீதியை முனகினாள். மேலிருந்து அக்காவின் கட்டைக் குரல் சேர்ந்துகொண்டது. கீழ்வீட்டு எலக்ட்ரீஷியன் சீட்டியடித்தான். மனைவி போனபின் யாரோடும் பேசாத எதிர்வீட்டுப் பெரியவர்கூட ஜன்னல் கம்பியில் தாளம் போட்டார்.

அதுவே தினசரி வழக்கமாயிற்று. படிக்கட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் நின்று பேசினார்கள். அக்கா கொடியை வேறு பக்கம் மாற்றிக் கட்டினாள்.

"நீ ஆரம்பிக்கிறப்போ உடம்பெல்லாம் சிலிர்க்குதுடி," என்றாள் ஒருநாள்.

"நானா? நீங்கதானேக்கா ஆரம்பிக்கிறீங்க?"

வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தார்கள். குரலுக்குச் சொந்தக்காரி அகப்படவில்லை.

மறுநாள் மதியம் எல்லோரும் வீட்டைப் பூட்டிவிட்டு, சந்தின் அடியில் போய் நின்றார்கள். கைக்குழந்தையைக்கூட மேலே விட்டுவைக்கவில்லை.

குரல் எழுந்தது. பாதியில் நின்றது. கீழே ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பூட்டிய வீடுகளிலிருந்து பதில் வந்தது. கட்டைக் குரல். சீட்டி. கம்பியில் தாளம். பிறகு, உச்சியில் லேசாகப் பிசிறடிக்கும் ஒரு குரல். அந்தப் பிசிறு யாருடையது என்று தையல்காரிக்குத் தெரியும்.

அக்கா அவள் கையை இறுகப் பிடித்தாள். "அடியே, அது நீதானே?"

"நான் இங்கதானேக்கா நிக்கிறேன்." சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

எலக்ட்ரீஷியன் அன்றைக்கே வேறு வீடு தேடிக் கிளம்பினான்.

அடுத்த நாள் தையல்காரி ஜன்னலைத் தாழிட்டு, மெஷின் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டாள். யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் அக்கா, கையில் ஸ்டூலோடு.

"தனியா கேக்க பயமா இருக்குடி. அது ஆரம்பிக்கிறதுக்குள்ள நாமளே சேர்ந்து பாடிடலாமா?"

பின்னாலேயே ஒவ்வொருவராக வந்தார்கள். பெரியவர் வந்தார். எலக்ட்ரீஷியனும், "வீடு ஒண்ணும் சரியா அமையலை," என்று அசடு வழிந்தபடி வந்து சேர்ந்தான். அந்தச் சின்னச் சமையலறையில் இத்தனை பேர் அதுவரை நின்றதில்லை.

தையல்காரி ஜன்னலைத் திறந்துவைத்துத் தானே ஆரம்பித்தாள். குரல் நடுங்கியது. மற்றவர்கள் தாங்கிப் பிடித்தார்கள். முதல்முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பாடினார்கள். பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே தாளம் போட்டார். சந்து மூச்சுக் காட்டவில்லை.

பாடி முடித்தபோது, ஜன்னலுக்கு வெளியே, கையெட்டும் தூரத்தில், யாரோ திருப்தியாக ஒரு பெருமூச்சு விட்டார்கள்.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னொரு தடவை பாடுவோம்," என்றாள் அக்கா.