கோப்பை நிறைய நீலம்

"கீழ வை அத!"

சபேல் சித்தி எடெலினின் கையிலிருந்த விளக்குமாற்றைப் பிடுங்கி மூலையில் சாய்த்தாள். "பொணம் வீட்டுல இருக்கறப்ப கூட்டினா இன்னொரு சாவையும் சேத்து இழுக்கும். சனிக்கிழம அடக்கம் முடியட்டும், அப்புறம் கூட்டு."

மூன்று நாளாக வந்துபோனவர்கள் தின்ற வேர்க்கடலைத் தோலும் பிஸ்கட் தூளும் சவப்பெட்டிக்கு அடிவரை பரவிக் கிடந்தன. இருபத்தாறு வருஷம் தன் வகுப்பறையைத் தானே கூட்டிய ரோசெண்டா டீச்சர், பெட்டியின் கண்ணாடி மூடிக்குக் கீழே, வாழ்நாளில் பூசியிராத உதட்டுச் சாயத்தோடு படுத்திருந்தாள். திங்கள் காலை பள்ளிக்குக் கிளம்பும்போது செருப்பு மாட்டக் குனிந்தவள் நிமிரவில்லை.

தலைமையாசிரியர் துமாலகன் மூன்று டீச்சர்களோடு உள்ளே வந்தார். சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு பையிலிருந்து சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றை எடுத்து எடெலினிடம் நீட்டினார்.

"உங்கம்மாவோடதும்மா. போன சனிக்கிழமை பயிற்சிக்கு."

'உன் சக்தியை நீயே நிரப்பு' என்று தங்க எழுத்தில் இருந்தது. எப்படி ஓய்வெடுப்பது என்று காலை ஏழு முதல் மாலை ஐந்துவரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்த பயிற்சி அது. நாலு எண்ணி மூச்சை இழுக்க வேண்டும், நாலு எண்ணி விட வேண்டும். வராதவர்கள் காரணம் எழுதித் தர வேண்டும்.

"செத்தவளுக்கு இத வெச்சு என்ன பதவி உயர்வு தரப்போறீங்க சார்?" என்றாள் சித்தி.

"இது ஒரு மரியாதைம்மா." அவர் செல்போனைப் பக்கத்து டீச்சரிடம் கொடுத்தார். "எடெலின், பெட்டிக்குப் பக்கத்துல நில்லு. இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடி, பேரு தெரியணும். அறிக்கையில சேக்கணும்."

எடெலின் தூக்கிப் பிடித்தாள். படத்தில் அவர் துக்கமாக இருந்தார். எடுத்து முடித்ததும் அது போய்விட்டது.

"இன்னொரு விஷயம்மா. பயிற்சியில ஒரு கோப்பைத் தாள் குடுத்தோம். நாப்பத்தொரு பேர்ல உங்கம்மா தாள் மட்டும்தான் பாக்கி. நாளைக்கு மாவட்டத்துக்குப் போகணும். அது இல்லேன்னா நம்ம பள்ளிக்கூடம் நூத்துக்கு நூறு வராது."

"தேடிப் பாக்கறேன் சார்."

"மெதுவா தேடு, அவசரமில்ல. நான் வாசல்ல ஒரு போன் பேசிட்டு வந்துடறேன். ஆங், சனிக்கிழம அடக்கத்துக்கு என்னால வர முடியாது. ரெண்டாம் கட்டப் பயிற்சி இருக்கு."

தேட ஒன்றுமில்லை. சவப்பெட்டியை ஒட்டிப் போட்டிருந்த அம்மாவின் மேசைக்குக் கீழே பை அப்படியே இருந்தது. தாளும் உள்ளே இருந்தது. 'என் சக்திக் கோப்பை. இப்போது எவ்வளவு நிறைந்திருக்கிறது? வண்ணம் தீட்டுக.'

தீட்டியது அம்மா இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை அம்மா பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். எடெலின்தான் நீலப் பென்சிலை எடுத்துக் கேட்டாள்.

"எதுவரைக்கும்மா?"

"விளிம்பு வரைக்கும் அடிச்சிரு. பாதிக்குக் கீழ இருந்தா அடுத்த சனிக்கிழமையும் வரச் சொல்லுவாங்க. எனக்கு ஒரு சனிக்கிழமையாவது தூங்கணும்டி."

எடெலின் சிந்தாமல் அடித்தாள். அவளுடைய நீலம் எப்போதும் சீராக இருக்கும். அம்மாவின் கை கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் எழுந்தது.

இப்போது அவள் அழிப்பானை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள்.

அவரோடு வந்த மூவரில் ஒருத்தியான ஜோவி டீச்சர் கிட்டே வந்தாள். "ஏய், என்ன பண்றே? அழிக்காதடி. எல்லாரும் முழுசாத்தான் அடிச்சோம். நான் விளிம்புக்கு மேலயே நுரை வரைக்கும் போட்டு வெச்சேன்."

எடெலின் நிறுத்தவில்லை. விளிம்பு போனது. பாதி போனது. ஜோவி டீச்சர் கண்ணாடிக்குள் இருந்த முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, வாசலில் பேசிக்கொண்டிருந்தவருக்கு மேசை தெரியாதபடி முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். அடிப்பாகத்தில் நீலம் விடாப்பிடியாக இருந்தது. எடெலின் அழுத்தினாள். கோப்பையின் அடி கிழிந்து, விரல் நுனி நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. கீழே ரோசெண்டாவின் கையெழுத்து அப்படியே இருந்தது.

துமாலகன் உள்ளே வந்து கையை நீட்டினார். எடெலின் கொடுத்தாள்.

அவர் கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். தாளைக் கோப்புக்குள் மற்றவற்றின் மேல் வைத்துத் தட்டிச் சரிசெய்தார்.

"நாப்பத்தொண்ணு. உங்கம்மா எப்பவுமே எதையும் பாக்கி வெக்க மாட்டாங்க."

துக்க வீட்டார் யாரையும் வாசல்வரை வழியனுப்பக் கூடாது. எடெலினுக்கு அந்த வழக்கம் முதல்முறையாகப் பிடித்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே வண்டி கிளம்பும் சத்தத்தைக் கேட்டாள்.

மடியைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தாள். அழிப்பான் துகள்கள் உதிர்ந்து சவப்பெட்டிக்கு அடியில் கடலைத் தோல்களுக்கு நடுவே விழுந்தன, நீலமாக. சித்தி அதைப் பார்த்தாள். மூலையில் இருந்த விளக்குமாற்றையும் பார்த்தாள்.

"கெடக்கட்டும்," என்றாள், காலை அகட்டித் துகள்களைத் தாண்டி வைத்து நடந்து.