நடு ஏரித் தண்ணீர்

பர்மாவின் இன்லே ஏரிக்காரர்களுக்குத் தண்ணீர்மேல் கால் நட்ட வீடுகள்; குடிக்கிற தண்ணீரை மட்டும் வீட்டடியில் மொள்ள மாட்டார்கள். படகில் நடு ஏரிக்குப் போவார்கள். மா சபே கல்யாணமாகி வந்த புதிதில் கொஞ்ச தூரத்திலேயே தெளிந்த தண்ணீர் வந்துவிடும். இப்போது தோள் இற்றுப்போகும்வரை துடுப்புப் போட வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு வீடு மிதக்கும் தக்காளிப் பாத்தி. காலையில் எல்லோரும் தண்ணீர் மொண்டு வந்த பிறகுதான் பூச்சிமருந்து அடிப்பார்கள். அடித்து முடித்ததும் மருந்து டாங்கியை ஏரியிலேயே அலசுவார்கள். நல்ல ஒழுங்குதான், போங்கள். யாரைக் கேட்டாலும் "நான் ஊத்துறது ஒரே ஒரு மூடி" என்பார்கள். மொத்தம் எத்தனை மூடி என்பதை ஏரிதான் சொல்ல வேண்டும்.

அந்த வாரம் வீட்டடியில் கெண்டைகள் செத்து மிதந்தன. சபேயின் மூன்று வயது மகள் நீலாருக்கு உடம்பெல்லாம் தடிப்பு. தின்றது எதுவும் தங்கவில்லை. சமையலுக்கும் குளியலுக்கும்கூட நடு ஏரித் தண்ணீரையே எடுக்கச் சொன்னாள் நர்ஸ். அப்படி மாற்றிய மூன்றாம் நாள், குழந்தை சோறு கேட்டாள். சபேக்கு உயிர் வந்தது.

நாலாம் நாள் காலை மகளையும் படகில் ஏற்றிக்கொண்டு போனாள். வழக்கமாகத் தண்ணீர் மொள்ளும் இடத்தில், பனிமூட்டத்துக்குள் கறுப்பாக ஏதோ நீண்டு கிடந்தது. புதுப் பாத்தி. மூங்கில் அடித்து நிறுத்தியிருந்தது. அதன் ஓரத்தில் அவள் புருஷன் கோ தெய்ன், டாங்கியை அலசிக்கொண்டிருந்தான்.

"ரெண்டு நாளா பாத்திய இழுத்தோம் சபே. நம்ம பக்கம் தண்ணி கெட்டு வேரெல்லாம் அழுகுது. இங்க பாரு, எவ்வளவு தெளிவு."

"காலையிலயே மருந்தா?"

"புதுப் பாத்தியாச்சே. இவ்வளவு தூரம் யாரு தண்ணி மொள்ள வரப்போறா?"

"நான் வந்திருக்கேன்."

அவன் தலையைச் சொறிந்தான். "இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் மொண்டுக்கயேன். நான் ஊத்துனது ஒரு மூடிதான்."

பனிக்குள் இன்னும் இரண்டு மூன்று இடங்களில் மூங்கில் அடிக்கும் சத்தம் கேட்டது. படகைத் திருப்பத் துடுப்பை எடுத்த சபே பின்னால் பார்த்தாள்.

நீலார் விளிம்பில் சாய்ந்து இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தாள். நடு ஏரி வந்ததும் வேண்டியமட்டும் குடிக்கலாம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவள் சபேதான்.